ஆக நாற்பது

என் ஏட்டில் அடித்தல் கிடையாது.
தேவனாம்பட்டினத்தில் உலாந்தாக்காரன் பண்டகசாலையில்
பதினோரு வருஷம்
அவுரி, புடவை, மிளகு, அரிசி.
எந்தச் சிப்பமும் என்னிடம் இளைத்ததில்லை.

பிரபவ வருஷம் மழை பெய்யவில்லை.
ஆள் வந்தது சரக்காக.
விருத்தாசலத்துச் சீமையிலிருந்து,
வெள்ளாற்றங்கரையிலிருந்து,
தானே நடந்து வந்து வாசலில் நின்ற சரக்கு.
தலைக்கு இத்தனை மரக்கால் என்று
அளந்து வாங்கிக்கொண்ட தகப்பன்கள்
திரும்பிப் பார்க்காமல் போனார்கள்.

செத்துப்போவதற்கு இது மேல் என்றார் துபாஷி.
விதி என்றார் கோயில் குருக்கள்.
என் மாமனார் சோற்றில் மோர் ஊற்றிக்கொண்டே
பத்தாவியில் மூன்று வேளையும் சோறாமே என்றார்.
நானும் நாலு பேரிடம் சொன்னேன்.
வாய் வலிக்கவில்லை.

எண்ணுவது என் வேலை.
கண்ணால் எண்ணினால் தப்பும்,
கையால் தொட்டால் குளிக்க வேண்டும்,
அதனால் பிரம்பு நுனி.
நாற்பத்தொன்று என்று எழுத்தாணியை எடுத்தேன்.

"நாப்பத்திரண்டுங்க.
தூணுக்குப் பின்னால ஒரு புள்ள தூங்குது.
ஏட்டுல இல்லாட்டி அதுக்குக் கஞ்சி ஊத்த மாட்டாங்க."

காத்தாயி. இருபது வயதிருக்கும்.
பிள்ளை அவளுடையது இல்லை.
யாருடையது என்று அவளுக்கும் தெரியவில்லை.
பதினோரு வருஷத்தில்
என் கணக்கை ஒருவர் திருத்தியது
அன்றைக்குத்தான்.

மூன்று ராத்திரி அந்த எண் என்னைப் புரட்டியது.
நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு.
உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைக்கிறாயே
என்று என்னை நானே வைதேன்.
விடியுமுன் புலியூருக்கு நடந்து
பாடலீசுவரர் முன்னால் விழுந்தேன்:
களவு செய்ய விடாதே அப்பா, புத்தியைக் கட்டு.
அவர் ஒன்றும் கட்டவில்லை.
கல்லோடு கட்டிக் கடலில் போட்டவர்
கரையேறிய ஊர் இது.
அதைப் பற்றி அவரிடம் பேச்செடுக்க
எனக்குத் துணிச்சலில்லை.

திட்டிவாசல் சாவி என் இடுப்பில்தான் இருந்தது.
வற்றம். உப்பனாற்றில் முழங்கால் சேறு.
அவள் முன்னால் போனாள்.
பிள்ளையை யார் தூக்கியது என்று கேட்காதீர்கள்.
என் கழுத்தில் அது மூச்சு விட்டது,
புளித்த கஞ்சி வாடை.
அக்கரையில் இறக்கியபோது
என் பூணூலைப் பிடித்திருந்த விரல்களை
ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.
அவள் கும்பிடவில்லை. நேரமில்லை.
வீட்டுக்கு வந்து குளித்தேனா?
நினைவில்லை.

காலையில் எழுதினேன்:
காத்தாயி, பெண், காய்ச்சலில் சாவு.
பிள்ளை ஒன்று, மேற்படி.

ஆக நான் திருடன்.
யாரும் சொல்லித் தர வேண்டாம்.
இரண்டு தலையின் கிரயம் ஆறு வராகன்;
மாதம் இரண்டு பணமாக
என் சம்பளத்திலிருந்து அவர்கள் பெட்டியில்
தெரியாமல் போட்டு வந்தேன்.
மூன்றாம் வருஷம் இருப்பு மிஞ்சுகிறதென்று
துரை என்னைக் கூப்பிட்டு,
உன்னைப்போல் யோக்கியன் இந்தக் கரையில் இல்லை
என்று ஒரு சிவப்புச் சால்வை போர்த்தினார்.
அதைப் பெட்டியில் வைத்தேன். பூச்சி தின்றது.

இப்போது பார்வை மங்கிவிட்டது.
சித்திரகுப்தனும் கணக்கன்தானே,
பயப்பட என்ன இருக்கிறது?
அந்த ஓலையை அவன் நீட்டினால் சொல்வேன்:
ஆமாம், பொய்க்கணக்கு. கை என்னுடையது.
எண்ணெய்க் கொப்பரை எந்தப் பக்கம்?

அவன் தலையாட்டிவிட்டு
அடுத்த வரியில் விரல் வைப்பானோ என்றுதான்.

ஆண் பதினேழு, பெண் பதினாலு,
பிள்ளைகள் ஒன்பது.
ஆக நாற்பது, கப்பலேறியது.

அதில் பிழை இல்லை.
எழுத்து முத்துமுத்தாக இருக்கும்.